ஹாங்காங் தோல் கண்காட்சிக்குப் போன மூவர்: அறை எங்கே தவறியது, எப்படிச் சரியானது – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல்காரர்களுக்கு ஹாங்காங் புது ஊர் இல்லை. பெரிய கம்பெனிகள் தோல் ஏற்றுமதிக் கழகம் அமைக்கும் இந்திய அரங்கில் ஸ்டால் எடுத்துப் போய்விடும். டிக்கெட், அறை, வண்டி எல்லாம் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்வார். சிரமப்படுவது சிறிய ஆட்கள்தான். ஸ்டால் எடுக்காமல், பார்வையாளராகப் பதிந்துகொண்டு, கையில் ஒரு சாம்பிள் பையோடு போகிறவர்கள். இந்த ஆய்வு அவர்களைப் பற்றியது.

இதில் வரும் மூவரும் அசலான ஒரே குழு அல்ல. இப்படிப் போய்வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே பயணமாகக் கோத்திருக்கிறது. அறை வாடகை, டாக்ஸிச் செலவு போன்றவை உதாரணக் கணக்கு. விதிகள், இடங்கள், தேதிகள் உள்ளபடியே.

குழுவும் தேவையும்

முதல் ஆள் பேரணாம்பட்டில் ஆட்டுத்தோல் லைனிங் பினிஷ் செய்யும் சிறு யூனிட்டின் உரிமையாளர். 60-ஐ நெருங்குகிற வயது, முழங்கால் வலி. இரண்டாமவர் அவருடைய தங்கை மகன். ஃபோனில் செய்யும் வேலையெல்லாம் இவர் பொறுப்பு. மூன்றாமவர் ஆம்பூரில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், ஜாப் ஒர்க் செய்பவர். சனிக்கிழமை அசைவம் தொடமாட்டார். முதல் இருவரும் நோன்பாளிகள்.

நோன்பு இங்கே முக்கியமான விஷயம். ஏ.பி.எல்.எஃப் தோல் கண்காட்சி 2024-இல் மார்ச் 19 முதல் 21 வரையும், 2025-இல் மார்ச் 12 முதல் 14 வரையும் ஹாங்காங்கில் நடந்தது. இரண்டு முறையும் ரமலான் மாதம். ஆகவே அறை என்றால் படுக்க ஒரு கட்டில் மட்டும் இல்லை. விடியற்காலை 5 மணிக்கு முன் சஹர் சாப்பிட வழி வேண்டும். மாலை ஆறரை வாக்கில் நோன்பு திறக்க எட்டிப்போகும் தூரத்தில் இடம் வேண்டும். இந்த இரண்டையும் யாரும் புக்கிங் ஆப்பில் தேடும் கட்டத்தில் போட முடியாது. அதனாலேயே விட்டுப்போகிறது.

இங்கே ஆய்வுக்கு எடுத்த பயணம் 2025 மார்ச், ஐந்து இரவு.

காகிதம்: ஒரு பெயரால் வந்த தடங்கல்

இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் ஹாங்காங் போக வழக்கமான விசா தேவையில்லை. ஆனால் 2017 ஜனவரி 23 முதல், புறப்படுவதற்கு முன்பே ஆன்லைனில் பதிந்து அனுமதிச் சீட்டு எடுத்தாக வேண்டும். ட்ராவல்ஸ்காரர்கள் இதை 'பி.ஏ.ஆர்' என்பார்கள். கட்டணம் கிடையாது. பெரும்பாலும் பதிந்த உடனேயே முடிவு தெரிந்துவிடும். சீட்டு ஆறு மாதம் செல்லும், அதற்குள் பாஸ்போர்ட் முடிந்தால் அதுவரைக்கும். ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம். பதியும்போது பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும். விமானத்தில் ஏற்றும் முன் அதைக் கேட்பார்கள். பதிவு மறுக்கப்பட்டால் விசாவுக்கு விண்ணப்பிப்பதுதான் வழி. அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிட வேண்டும்.

இதே பதிவுக்கு 3,000, 5,000 ரூபாய் வாங்கிக்கொள்ளும் இணையதளங்கள் தேடினால் முதலில் வந்து நிற்கும். அரசுத் தளத்தில் பணம் கேட்கும் பக்கமே கிடையாது. பணம் கேட்டால் நீங்கள் நிற்பது வேறு இடம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் தடங்கல் எப்போதும் பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் சிலருக்குத் தகப்பன் பெயர் குடும்பப் பெயர் வரியில் அச்சாகியிருக்கும். சிலருக்கு அந்த வரி காலி. இரண்டு பெயரும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கும். இந்தக் குழுவில் பெரியவருக்கு இரண்டாவது வகை. வேலூரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் தகப்பன் பெயரைத் தனியாகப் பிரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டார். சீட்டு வந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. டிக்கெட்டோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது.

"மாமு, டிக்கெட்ல ஒரு மாதிரி இருக்குது, இந்தச் சீட்டுல ஒரு மாதிரி இருக்குது."

"பாஸ்போர்ட்ல என்னா இருக்குதோ அதையே போடுப்பா. என் பேரை ஆளாளுக்கு வெட்டாதீங்க."

அவர் சொன்னதுதான் விதியும். பாஸ்போர்ட்டில் எந்த வரியில் எது அச்சாகியிருக்கிறதோ அதே பிரிப்பில் பதிய வேண்டும். பிழை இருந்தால் புதிதாகப் பதிய வேண்டும். பேனாவால் திருத்த முடியாது. பத்து நாள் முன்னே பார்த்ததால் இங்கே ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. சென்னை விமான நிலைய கவுன்டரில் தெரிந்திருந்தால் பெரியவர் வீடு திரும்பியிருப்பார்.

ஹாங்காங் இறங்கியபின் எழுதித்தரும் வருகை அட்டையை 2024 அக்டோபர் 16-இல் நீக்கியாயிற்று. பாஸ்போர்ட்டில் முத்திரையும் குத்தமாட்டார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்று அச்சிட்ட சிறு துண்டுச் சீட்டு தருவார்கள். அதைத் தொலைக்காமல் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. அதிகாரி கேட்பது மூன்று: எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே. இரண்டாவது கேள்விக்காகவாவது அறை முன்னாலேயே பிடித்திருக்க வேண்டும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஹாங்காங்குக்கு ஆகாது.

அறை பிடித்த விதம்

மருமகன் ஆப்பில் போட்டது இவ்வளவுதான்: ஹாங்காங், மூன்று பேர், ஐந்து இரவு, விலை குறைந்தது முதலில். முதலாவதாக வந்தது நேதன் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். ஓர் இரவுக்கு 560 ஹாங்காங் டாலர். அன்றைய மதிப்பில் டாலருக்கு 11 ரூபாய் என்று வைத்தால் 6,160 ரூபாய். மூவருக்குப் பிரித்தால் தலைக்கு 2,000 சொச்சம். படத்தில் அறை விசாலமாக இருந்தது. 'ரத்து செய்தால் பணம் திரும்பாது' என்ற வரிக்கு 10 சதவீதத் தள்ளுபடி. உடனே கார்டில் கட்டியாயிற்று.

அந்த நிமிடத்தில் பார்க்காமல் விட்டவை பல. அவற்றை வரிசையாகச் சொல்வதைவிட, ஒவ்வொன்றும் எங்கே வந்து இடித்தது என்று பார்ப்பதே பயன்.

முதல் இரவு

விமானமும் விலை பார்த்து எடுத்ததுதான். சென்னையிலிருந்து நேராகப் போகும் விமானம் நள்ளிரவுக்குப் பின் கிளம்பி, அங்கே காலையில் இறக்கும். இவர்கள் எடுத்தது இடையில் ஓரிடத்தில் மாறிப் போவது. இறங்கியது இரவு 11.40. ஹாங்காங் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வரும்போது 12.45.

விமான நிலையத்திலிருந்து நேதன் ரோடு வழியாகச் சிம் ஷா சுய் பகுதிக்குப் போகும் ஏ21 பஸ் 35 டாலர் வாக்கில் முடியும். அது நள்ளிரவோடு நின்றுவிடும். அதன்பின் அதே பக்கம் என்21 என்ற இரவு பஸ் உண்டு. சில்லறை தரமாட்டார்கள், சரியான தொகை போட வேண்டும். அல்லது ஆக்டோபஸ் கார்டு, அதாவது பஸ், ரயிலுக்கு முன்பணம் போட்டு வைக்கும் கார்டு. இவர்களிடம் இரண்டும் இல்லை, என்21 பற்றித் தெரியவும் தெரியாது. டாக்ஸி ஏறினார்கள். நகரத்துக்குள் போவது சிவப்பு டாக்ஸி. பச்சை நியூ டெரிடரீஸுக்கு, நீலம் லாந்தாவ் தீவுக்கு. டிக்கியில் வைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் 6 டாலர் தனி. மொத்தம் 320.

கட்டடம் சுங்கிங் மேன்ஷன்ஸ். நேதன் ரோடு 36 முதல் 44. 1961-இல் கட்டியது, 17 மாடி, ஏ முதல் இ வரை ஐந்து பிளாக். கீழ்த்தளத்தில் பணம் மாற்றும் கடை, சமோசாக் கடை, ஃபோன் கடை, சிம் கடை. மேலே நெருக்கி நெருக்கி சிறு விடுதிகள். ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டே லிஃப்ட். ஒன்று ஒற்றைப்படை மாடிக்கு, இன்னொன்று இரட்டைப்படைக்கு. கூண்டு சிறியது, இரண்டு பெட்டியும் மூன்று ஆளும் ஏறினால் அவ்வளவுதான். பிளாக்கை மாற்றிப் பிடித்தால் மேலே போய் மறுபக்கம் கடக்க முடியாது. கீழே இறங்கி, நடந்து, அடுத்த லிஃப்டுக்குத் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும்.

வாசலில் ஆள் பிடிப்பவர்கள் நிற்பார்கள். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் நோயாளிக் குடும்பத்தைக் வேலூர் காந்தி ரோடு லாட்ஜுக்கு அழைத்துப்போக ஆட்டோக்காரர் வந்து பெட்டியைத் தொடுவாரே, அதே கைவேலை. பெட்டியைக் கொடுக்காமல் நேராக நடக்க வேண்டும்.

புக்கிங்கில் இருந்த பிளாக்குக்கு, இருந்த மாடிக்கு ஏறினார்கள். கதவு பூட்டியிருந்தது. இரவு 11 மணிக்குமேல் வருவதானால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற வரி உறுதிச் சீட்டின் அடியில் இருந்தது. இதுதான் பார்க்காமல் விட்டதில் முதலாவது. பெரிய ஹோட்டலில் ராத்திரி முழுக்க ஆள் இருப்பார். ஏழெட்டு அறை விடுதியில் வரவேற்பு மேசை என்பதே ஒரு ஸ்டூல்தான். மருமகனின் ஃபோனில் ரோமிங் போடவில்லை. கீழே வந்து, கடை ஒன்றின் வைஃபையில் வாட்ஸ்அப் பண்ணி, விடுதிக்காரர் வந்து சேர 2 மணி.

வந்தவர் சொன்னது: "அந்த ரூம் ரிப்பேர். வேற பிளாக்ல அதே மாதிரி ரூம் இருக்கு." போன இடத்தில் கதவில் பெயரும் இல்லை, எந்தச் சின்னமும் இல்லை. அறை சுமார் 90 சதுர அடி. ஒரு டபுள் கட்டில், அதன் காலடியில் மடக்குக் கட்டில். மடக்குக் கட்டிலை விரித்தால் பாத்ரூம் கதவு பாதிதான் திறக்கும். பாத்ரூமில் கம்மோடுக்கு நேர் மேலே ஷவர். குளித்தால் எல்லாம் நனையும். ஜன்னல் ஒன்று இருந்தது. அதற்கு வெளியே ஒரு கை தூரத்தில் பக்கத்துச் சுவர், ஏசி தண்ணீர் சொட்டும் குழாய்.

பிறகு பணம். சர்வீஸ் 10, வரி 3, ஆக 13 சதவீதம். மூன்றாவது ஆளின் கட்டிலுக்கு இரவுக்கு 80. எல்லாம் ரொக்கமாக, ஐந்து நாளுக்கும் இப்போதே. பெரியவர் ஒரே ஓர் இரவுக்கு மட்டும் கொடுத்தார், ரசீது கேட்டார். ரசீது வரவில்லை. அந்த நேரத்தில் அவர் செய்தது மிகச் சரி. முழுத் தொகையும் கொடுத்திருந்தால் மறுநாள் நகர்ந்திருக்க முடியாது.

எதனால் இப்படி நடக்கிறது

ஹாங்காங்கில் தொடர்ச்சியாக 28 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடும் எந்த இடத்துக்கும் உரிமம் வேண்டும். ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் சட்டம் அது. உள்துறை அலுவல் துறையின் கீழ் ஓர் உரிம அலுவலகம் அதைப் பார்க்கிறது. உரிமம் என்பது ஆளுக்கு இல்லை, இடத்துக்கு: இந்தப் பிளாக், இந்த மாடி, இந்தப் பிளாட். ஒரே உரிமையாளர் ஓர் உரிமம் வாங்கிய பிளாட்டின் பெயரில் ஆப்பில் விளம்பரம் போட்டு, கண்காட்சி வாரத்தில் இருக்கும் அறைகளைவிட அதிகமாக புக்கிங் வாங்கி, மிஞ்சியவர்களை உரிமம் இல்லாத பிளாட்டுக்கு நகர்த்துவார். 'ரிப்பேர்' என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. நடுராத்திரியில் வருகிறவர்களுக்கு இது அதிகம் நடக்கும். காரணம் எளிது, அவர்களால் வேறெங்கும் போக முடியாது.

இதை வெறும் ஏமாற்று என்று விட்டுவிட முடியாது. உரிமம் தருவதற்கு முன் பார்ப்பது தீத்தடுப்பும் வெளியேறும் வழியும். 2024 ஏப்ரல் 10 அன்று ஜோர்டான் பகுதியில் நியூ லக்கி ஹவுஸ் என்ற பழைய கட்டடத்தில் பிடித்த தீயில் 5 பேர் இறந்தார்கள்; அந்தக் கட்டடத்திலும் சிறு விடுதிகள் இருந்தன. பழைய உயரக் கட்டடத்தில் தங்குவதானால் அறைக்குள் பெட்டியை வைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை படிக்கட்டை நடந்து பார்ப்பது. தீக்கதவு திறக்கிறதா, படியில் அட்டைப்பெட்டி அடைத்திருக்கிறதா. இரண்டு நிமிடம்.

உரிமம் பெற்ற இடங்களின் பட்டியல் அந்த அலுவலகத்தின் தளத்தில் பொதுவில் கிடைக்கிறது. பெயர், முழு முகவரி, அறை எண்ணிக்கை இருக்கும். ஆப்பில் வரும் முகவரியை அதோடு ஒப்பிடும்போது பெயரை நம்பக் கூடாது. ஒரே மாதிரி பெயரில் பல விடுதிகள் உண்டு. பிளாக், மாடி, பிளாட் எண் மூன்றும் பொருந்த வேண்டும். உரிமம் உள்ள இடத்தின் வாசலில் அதற்கான சின்னமும் இருக்கும்.

அந்த 13 சதவீதத்துக்கு வருவோம். ஹோட்டல் அறை வரி 3 சதவீதம் 2025 ஜனவரி 1 முதல் மறுபடி வந்தது உண்மை. ஹோட்டல்கள் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் போடுவதும் உண்மை. 1,000 டாலர் அறை என்றால் 100 சர்வீஸ், 30 வரி, ஆக 1,130. ஆனால் பத்து அறைக்குக் குறைவான விடுதிக்கு அந்த வரி கிடையாது. பட்டியலில் இந்த விடுதிக்கு ஏழு அறை. ஆகவே அவர் கேட்ட 3 சதவீதம் யாருக்கும் போய்ச் சேராத வரி. சிறு கெஸ்ட் ஹவுஸ்களில் சர்வீஸ் சார்ஜும் வழக்கமில்லை. புக்கிங் சீட்டில் எழுதாத எந்தத் தொகையையும் அங்கே நின்று கேட்டால், 'ஆப் வழியாகப் போடுங்கள், கட்டுகிறேன்' என்று சொல்வதே பதில்.

மூன்றாவது கட்டில் விவகாரத்தில் மட்டும் தவறு இவர்கள் பக்கம். சீட்டில் 'டபுள்' என்று இருந்தது. டபுள் என்றால் இரண்டு பேர் படுக்கும் ஒரே கட்டில். தனித்தனிக் கட்டில் இரண்டு வேண்டுமென்றால் 'ட்வின்', மூன்று வேண்டுமென்றால் 'ட்ரிப்பிள்' என்று எழுதியிருக்க வேண்டும். ஆப்பில் ஆள் எண்ணிக்கையை மூன்று என்று போட்டாலும், சில விடுதிகள் டபுள் அறையைக் காட்டி, கூடுதல் கட்டில் கட்டணம் தனி என்று சிறு எழுத்தில் போட்டிருக்கும்.

மறுநாள் செய்தது

காலையில் முதலில் படம் எடுத்தார்கள்: அறை, சின்னம் இல்லாத கதவு, புக்கிங்கில் உள்ள மாடியின் பூட்டிய கதவு. வாட்ஸ்அப்பில் 'வேறு பிளாக்' என்று விடுதிக்காரர் எழுதியதும் இருந்தது. அதோடு ஆப்பின் உதவி எண்ணுக்கு எழுதினார்கள். பேச்சில் நடந்ததைவிட எழுத்தில் நடந்ததற்குத்தான் மதிப்பு. இங்கே மீதி நான்கு இரவுப் பணம் கார்டுக்குத் திரும்பியது. தங்கிய இரவுக்கும், ரொக்கமாகக் கொடுத்ததற்கும் வரவில்லை. படம் இல்லாமல் எழுதியிருந்தால் 'பணம் திரும்பாது' என்ற வரியே பதிலாக வந்திருக்கும்.

ஃபோனுக்கு உள்ளூர் சிம் வாங்கினார்கள். ஹாங்காங்கில் ப்ரீபெய்ட் சிம்முக்கும் பாஸ்போர்ட் காட்டிப் பெயர் பதிய வேண்டும். விமான நிலையத்திலேயே வாங்கியிருந்தால் இரவு அலைச்சல் இல்லை. (வாட்ஸ்அப், கூகுள் மேப் எல்லாம் ஹாங்காங்கில் நேராக ஓடும். சீனாவின் குவாங்சோ போய்வந்தவர்கள் சொல்லும் தடையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.)

பிறகு இடம் பார்த்தார்கள், இம்முறை விலையில் தொடங்காமல். கண்காட்சி நடக்கும் மண்டபம் வான் சாயில், கடலுக்கு அந்தப் பக்கம். வான் சாயிலேயே தங்கினால் நடந்தே போகலாம். ஆனால் கண்காட்சி வாரத்தில் அங்கே வாடகை ஏறிப்போயிருக்கும். மார்ச்சில் இதோடு வேறு பெரிய நிகழ்ச்சிகளும் அந்த ஊரில் சேர்ந்துகொள்ளும். வடக்கே ஷாம் சுய் போவில் மலிவு. தோல் சில்லறை, பக்கிள், கருவி விற்கும் தை நான் தெரு அங்கேதான் இருப்பதால் தொழில்காரருக்குக் கால் அங்கே இழுக்கும். ஆனால் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பள்ளிவாசல் பக்கம் வர ரயில் பிடிக்க வேண்டும்.

முடிவானது ஜோர்டான். நேதன் ரோட்டிலேயே, சுங்கிங் மேன்ஷன்ஸுக்கு வடக்கே ஒரு ஸ்டேஷன். நேதன் ரோடு 105-இல் உள்ள கவுலூன் மஸ்ஜித் இரண்டுக்கும் நடுவில். அறையிலிருந்து நடக்கும் தூரம். பட்டியலில் பெயர் உள்ள விடுதி, ட்ரிப்பிள் அறை, லிஃப்ட் பெரியது, வரவேற்பில் ராத்திரியும் ஆள். எல்லாம் சேர்த்து இரவுக்கு 760. அறையைக் கண்ணால் பார்த்த பிறகே பணம். லாட்ஜில் மாடியேறி ரூம் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கும் நம்மூர் பழக்கத்தை ஹாங்காங்கில் விட வேண்டியதில்லை. ஊரிலிருந்தே பிடிப்பவர்கள் ரத்து செய்யக்கூடிய புக்கிங்காக எடுத்தால், காசு கொஞ்சம் கூடினாலும், அந்த உரிமை கையில் இருக்கும்.

கணக்கை இப்படி வைத்துப் பார்க்கலாம். முதல் விடுதி ஐந்து இரவுக்கு 2,800. அவர் கேட்ட 13 சதவீதம் 364, கட்டில் 400. ஆக 3,564, இரவுக்கு 713 வருகிறது. இரண்டாவது 760. வித்தியாசம் இரவுக்கு 47 டாலர், நம் பணத்தில் 520 ரூபாய் வாக்கில். இதற்குமேல் நள்ளிரவு டாக்ஸி 320. பகலில் இறங்கியிருந்தால் மூவருக்கும் பஸ்ஸுக்கு 105 வாக்கில் முடிந்திருக்கும். மலிவு என்று எடுத்ததில் மிச்சமானது ஒன்றுமில்லை. மலிவு விடுதி எல்லாமே மோசம் என்று இதற்குப் பொருளில்லை. அதே சுங்கிங் மேன்ஷன்ஸில் உரிமத்தோடு, துடைத்து வைத்த மாதிரி நடத்தும் விடுதிகள் உண்டு. தனியாகப் போகும் இளவயது ஆளுக்கு அது போதும். முழங்கால் வலிக்காரரோடு, பெட்டிகளோடு, தினம் நான்கு முறை லிஃப்ட் வரிசையில் நிற்பவருக்கு அது இடம் இல்லை.

போக்குவரத்தும் சாப்பாடும்

ஜோர்டானிலிருந்து மண்டபத்துக்கு: சுன் வான் தடத்தில் இரண்டு ஸ்டேஷன் போய் அட்மிரல்டியில் இறங்கி, ஈஸ்ட் ரெயிலுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷனே எக்ஸிபிஷன் சென்டர். 2022 மே மாதம் திறந்த ஸ்டேஷன் அது. பழைய ஆட்கள் இன்னும் வான் சாய் ஸ்டேஷனில் இறங்கி நடக்கச் சொல்வார்கள், கேட்க வேண்டாம். சாம்பிள் பை கனமாக இருந்தால் சிம் ஷா சுய் துறையிலிருந்து வான் சாய்க்கு ஸ்டார் ஃபெர்ரி படகு நல்லது. மாடிப்படி ஏறும் வேலை குறைவு, கட்டணமும் சில டாலர்தான். இறங்கும் துறையிலிருந்து மண்டபம் கிட்டத்தில்.

ஆக்டோபஸ் கார்டு ஆளுக்கு ஒன்று வேண்டும்; ஒரே கார்டில் மூன்று பேர் ரயிலில் போக முடியாது. 50 டாலர் வைப்புத்தொகை, கார்டைத் திருப்பிக் கொடுத்தால் சிறு பிடித்தம் போக வரும்.

பணத்தில் இரண்டு விஷயம். நம் வங்கிக் கார்டு வெளிநாட்டில் ஓட, ஆப்பில் அந்த வசதியை நாமே திறந்துவிட வேண்டும். 2020-க்குப் பின் வந்த கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்து வரும். ஊரை விட்டுக் கிளம்புமுன் வீட்டில் வைத்தே செய்ய வேண்டிய வேலை, ஓ.டி.பி வரும் சிம் அங்கே ஓடாமல் போகலாம். இந்திய ரூபாய் நோட்டு ஆளுக்கு 25,000 வரைதான் வெளியே கொண்டுபோகலாம். சுங்கிங் மேன்ஷன்ஸ் கீழ்த்தளத்தில் ரூபாயையும் மாற்றுவார்கள். வாசலை ஒட்டிய கடையில் ரேட் குறைவாகவும், உள்ளே போகப் போகக் கூடுதலாகவும் இருப்பது வழக்கம். நான்கு கடை கேட்டுவிட்டு, கையில் எவ்வளவு வரும் என்று கால்குலேட்டரில் போட்டுக் காட்டச் சொல்லி மாற்ற வேண்டும்.

சஹருக்கு விடுதியில் சமைக்க விடமாட்டார்கள். தண்ணீர் காய்ச்சும் கெட்டில் இருக்கும், அவ்வளவுதான். முதல் நாளே வாங்கிவைத்த ரொட்டி, பால், வாழைப்பழம், ஊரிலிருந்து கொண்டுபோன பேரீச்சை, வெந்நீரில் ஊறும் அவல் இவை கைகொடுத்தன. பையில் ஹீட்டர் காயில் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் வாளியில் அதைப் போட்டுவிட்டுத் தூங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளக் பாயிண்ட் அங்கே மூன்று சதுரக் கால் உள்ள பிரிட்டிஷ் வகை. நம் உருண்டைக் கால் பிளக் ஏறாது. ஊரிலேயே அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரம் 220 வோல்ட், சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை. 2024 ஏப்ரல் 22 முதல் விடுதிகள் பிளாஸ்டிக் பல்துலக்கி, அறையில் வைக்கும் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் எதையும் இலவசமாகத் தர முடியாது. பிரஷ்ஷும் காலி பாட்டிலும் பெட்டியில் இருக்கட்டும்.

மாலையில் மண்டபத்திலிருந்து ஆறரைக்குள் ஜோர்டான் திரும்புவது முதல் நாளே முடியவில்லை. விலை பேச்சு இழுத்துவிட்டது. இதற்கு வான் சாயிலேயே வழி உண்டு. ஓய் குவான் ரோடு 40-இல் அம்மார் மஸ்ஜித். மண்டபத்திலிருந்து நடக்கும் தூரம். ஐந்தாம் மாடியில் ஹலால் டிம்சம் கிடைக்கும் கேன்டீன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் அங்கேயே முடிந்தது. ஆம்பூர்க்காரருக்கு மட்டும் சனிக்கிழமை பாடு: சீனக் கடைகளில் 'காய்கறி' என்று கேட்டால் சிப்பிச் சாறு ஊற்றிய கீரை வரும். சிம் ஷா சுய் பக்கத்து இந்தியச் சைவக் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

திரும்பும் நாள்

அறையைக் காலி செய்ய 11 அல்லது 12 மணி, விமானம் இரவில். பெட்டிகளை விடுதியிலேயே ஒரு மூலையில் வைக்க விடுவார்கள், ஆனால் சிறு விடுதியில் அதற்குப் பூட்டு கிடையாது. சாம்பிளும், வாங்கிய வண்ண அட்டைகளும், பாஸ்போர்ட்டும் கையோடு இருக்க வேண்டும். துணிப்பெட்டி மட்டும் அங்கே. பெட்டியை எடுக்கத் திரும்பி வரும் நேரத்தையும், அப்போது மேசையில் இருக்கப்போகும் ஆளின் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டே கிளம்பினார்கள். ஏ21 பஸ் ஜோர்டானிலேயே நிற்கும். சாயங்கால நெரிசலில் நேதன் ரோடு நகராது என்பதால், விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்பே ஏறிவிட்டார்கள்.